ஆடிக் காற்று முதல் அக்கினி வெயில் வரை: வயலையும் தோட்டத்தையும் பருவத்தோடு படமெடுக்கும் முறை

பருவகாலப் படங்களுக்குக் குறிப்பு தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்டவை. உறைந்த ஏரி, செந்நிற இலைக்காடு, டூலிப் பூத்த மைதானம் என்று போகும் அந்த அட்டவணையை நம்பி மன்னார்குடிப் பக்கம் கேமராவோடு நின்றால், ஆண்டில் முக்கால்வாசி நாள் எடுக்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். தமிழ்நாட்டுச் சமவெளியில் பருவத்தைக் காட்டிக்கொடுப்பவை வேறு. வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, சூரியன் எந்த மூலையில் எழுகிறது என்று பார்க்கப் பழகினால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு கண்மாய்க்கரை ஆண்டு முழுவதற்கும் போதும்.

கீழே வரும் அளவுகள் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே விற்கும் லென்ஸ்) பூட்டிய சாதாரண ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவுக்கானவை. செல்போனில் செய்யக்கூடியதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

சூரியன் எழும் மூலை

நேர்கிழக்கில் சூரியன் உதிப்பது ஆண்டுக்கு இரண்டு நாள்தான், மார்ச்சிலும் செப்டம்பரிலும். ஜூன் மாதக் கடைசியில் அது கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி எழும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. மொத்தம் 48 பாகை. முழுச் சட்டக் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்டது) 40 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம் அவ்வளவுதான். மார்கழியில் ஒற்றைப் பனைக்குப் பின்னால் சரியாக எழுந்த சூரியனை நினைவில் வைத்துக்கொண்டு வைகாசியில் போனால், அது சட்டத்துக்கு வெளியே எங்கோ எழுந்துகொண்டிருக்கும்.

உச்சி வெயிலும் பக்கம் மாறும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் 18 வரை வடக்குப் பக்கமாகவே கடந்துபோகும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம்: ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை. ஆண்டில் மற்ற நாளெல்லாம் நிழலில் கிடக்கும் வடக்குச் சுவரோரச் செடிகளுக்கு வெயில் விழுவது இந்த மாதங்களில்தான். தெற்குப் பக்கச் செடிகளுக்கு மார்கழி. தோட்டத்தைப் படமெடுக்க நினைப்பவர் முதலில் இதைத்தான் தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சம் மென்மையாக இருக்கும் நேரம் நம் ஊரில் குறைவு. சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. உதித்து முக்கால் மணி நேரத்தில் 10 பாகை உயரம் வந்துவிடும். சித்திரையில் காலை ஒன்பதுக்குச் சென்னையில் அதன் உயரம் 44 பாகை, மார்கழியில் அதே நேரம் 31 பாகை. அதனால் மார்கழியில் ஒன்பது மணி வரை வேலை செய்யலாம். சித்திரையில் ஏழுக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். உதித்த பிறகு வண்டியைக் கிளப்பினால் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் கெட்டுவிடும். உதயத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முன்பே கரையில் நிற்பது நல்லது.

ஒரே இடத்தைத் தொடர்ந்து எடுக்க

ஒரே காட்சியை ஆண்டு முழுக்க எடுத்து வரிசையாக அடுக்கினால் பருவம் தானாகத் தெரியும். அந்த வரிசை கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் நிற்கும் இடம். வரப்பில் நின்று தொடங்காதீர்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் (சாகுபடிப் பருவம்) வரப்பை வெட்டிச் சேறு பூசி அண்டை கட்டுவார்கள், இடமும் உயரமும் மாறிவிடும். மதகு, மைல்கல், பாலத்துக் கைப்பிடிச் சுவர் என்று அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சட்டத்தின் மேற்பகுதியில் மாறாத ஏதாவது வேண்டும்: குன்றின் விளிம்பு, கோபுரம், பனங்கூட்டம். கீழ்ப்பகுதி மாறுவதற்கானது.

கேமராவின் உயரம் 150 செ.மீ. இருக்கட்டும். நாற்று நட்ட நாளில் 60 செ.மீ. உயரம் அழகாகத்தான் தெரியும். தை மாதத்தில் இடுப்பளவு வளர்ந்த சம்பா நெல் லென்ஸை மறைத்துக்கொண்டு நிற்கும். ஜூமை 18 மி.மீ. முனையிலோ 55 மி.மீ. முனையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வைத்தால் அடுத்த முறை அதே இடத்துக்கு வளையம் திரும்பாது. செல்போனில் ஒன்று எக்ஸ் மட்டும். விரலால் விரித்த அளவை யாரும் திரும்பப் பிடிக்க முடியாது. 18 மி.மீ., எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) வைத்து இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். பிறகு ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள்.

வைட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் உழைப்பெல்லாம் வீண். பனிக்காலையின் நீலத்தையும் அறுவடை மாலையின் மஞ்சளையும் கேமரா தானே திருத்தி எல்லா மாதத்தையும் ஒரே நிறமாக்கிவிடும். 5,300 கெல்வினில் நிறுத்திவிட்டு ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். ரா இல்லாத போனில் புரோ முறைக்குப் போய் வெயில் குறியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதல் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த முறை ஒப்பிடுங்கள். பனையின் உச்சி குன்றின் விளிம்பை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அந்தச் சந்திப்பு மாறியிருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தவறு, பக்கவாட்டில் நகர வேண்டும். சந்திப்பு சரியாக இருந்து படம் முழுவதும் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் கேமராவைத் திருப்பினால் போதும். மாதம் இரு முறை எடுத்தால் தாராளம். நடவுக்குப் பிந்தைய மூன்று வாரம் மட்டும் வாரந்தோறும் வேண்டும். நேரத்தைக் கடிகாரத்தால் வைக்காமல் உதயத்திலிருந்து எண்ணுங்கள், எப்போதும் உதித்து இருபதாவது நிமிடம் என்பதுபோல.

ஆனி, ஆடி: காற்று

குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குச் சேர நாள் பிடிக்கும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக நுழைவதை எடுக்க விரும்புகிறவர் செய்தித்தாளை நம்பாமல் உள்ளூர் விவசாயிகளிடம் முறைத் தண்ணீர் எப்போது வருமென்று கேட்டுக்கொள்வது மேல்.

மேற்கே, பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியாக வரும் காற்று இந்த மாதங்களில் எதையும் நிற்கவிடாது. இதோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு பக்கம் முடிவெடுத்துவிடலாம். அசைவை நிறுத்த வேண்டுமென்றால் நெற்கதிருக்கும் பூவுக்கும் 1/500 நொடி, தென்னை ஓலைக்கு 1/250. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான சென்சாரின் உணர்திறன்) 800 வரை தயங்காமல் ஏற்றலாம், மங்கிய படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் மேல். அசைவைக் காட்ட வேண்டுமென்றால் ட்ரைபாடில் வைத்து 1/4 நொடி. ஆனால் சட்டத்தில் அசையாத ஒன்று, ஒரு மதகோ மண்டபமோ, கூர்மையாகத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் கை நடுங்கிய படம் என்றுதான் நினைப்பார்கள்.

முப்பந்தல், உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் இதே கதை. 1/1000இல் எடுத்தால் இறக்கைகள் செத்து நிற்கும். 1/15 முதல் 1/8 நொடி வரை தேவை. முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தாலும் ஷட்டர் 1/100க்குக் கீழே வராது. மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவதோ இரட்டிப்பாவதோ) பூட்டினால் 1/12க்கு இறங்கும். இதற்கு அது ஒன்றே போதும். பத்து ஸ்டாப் ஃபில்டர் வாங்கினால் இறக்கையே காணாமல் போகும்.

தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூப்பது ஜூலை, ஆகஸ்டில். சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்பது மொட்டுப் பருவத்துக்கு மட்டுமே பொருந்தும். விரிந்து முற்றிய பூ கிழக்கையே பார்த்து நின்றுவிடும். எனவே வயலுக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிக் காலையில் எடுங்கள். பூவின் முகம், அதன்மேல் வெயில், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மூன்றும் ஒரே சட்டத்தில் கிடைக்கும். மாலையில் போகிறவர்களுக்கு நிழலடித்த முகமோ பூவின் முதுகோதான். மேகம் கிழிந்து கிழிந்து ஓடும் நாளில் வெயில் திட்டு வயல்மேல் நகர்ந்துவரும். எக்ஸ்போஷரை அந்தத் திட்டுக்கு முன்கூட்டியே வைத்துக்கொண்டு காத்திருந்தால், மலை நிழலிலும் வயல் வெயிலிலும் இருக்கும் அரை நிமிடம் வாய்க்கும்.

ஆவணி, புரட்டாசி

மூட்டமான வெள்ளை வானம் கொண்ட நாட்கள் அதிகம். வானத்தைச் சட்டத்திலிருந்து வெட்டிவிட்டுச் செடியைக் கவனியுங்கள். பூக்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வேலியோரங்களில் செங்காந்தள் பூக்கும் காலமும் இதையொட்டித்தான் தொடங்கும். அதன் சிவப்பில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் நலம் என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் உச்சத்தில் முட்டி, இதழின் மடிப்பெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு வலது ஓரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைக்கலாம்.

மாலை இடிமழை இந்த மாதங்களுக்கு உரியது. வானவில் வேண்டுமென்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதன் உயரம் 42 பாகைக்குள் இருக்க வேண்டும். எனவே மாலையில் கிழக்கே தேடுங்கள். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும், திருப்பக்கூடிய ஃபில்டர்) மாட்டியிருந்தால் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் வானவில் அழிந்தே போகும். இடி நெருங்கினால் வெட்டவெளி வயலில் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், ட்ரைபாடை விரித்துக்கொண்டும் நிற்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை: நிற்கும் தண்ணீர்

ஆண்டின் மிகச் சிறந்த இரண்டு மாதம் இவை. கேமராவை வீட்டில் பூட்டி வைப்பவர்கள் பூட்டுவதும் இப்போதுதான்.

சம்பா, தாளடி நடவு முடிந்த வயலில் நாற்று தூர் கட்டிப் பச்சை மூடுவதற்குள் பதினைந்து இருபது நாள் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். பிரதிபலிப்பு எடுக்கக் காலை ஏழுக்குள் காற்று அடங்கியிருக்கும் நேரம் வேண்டும். கேமராவைத் தண்ணீருக்கு மேல் 20, 30 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் சேறு தெரியும், இறங்கினால் வானம் தெரியும். ஃபோகஸ் தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கக் கூடாது. பிரதிபலிப்பில் தெரியும் மரத்தின்மேல் வையுங்கள். பிரதிபலிப்பு எப்போதும் உண்மையான வானத்தைவிட ஒரு ஸ்டாப் அளவு மங்கலாக இருக்கும். வானத்தை அடக்க மூன்று ஸ்டாப் சாய்வு ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கறுத்தது) போட்டால் கீழே இருப்பது மேலே இருப்பதைவிடப் பளிச்சென்று ஆகிப் படம் பொய்யாகத் தெரியும். ஒன்று, அதிகம் போனால் இரண்டு ஸ்டாப் போதும். பின்னால் கணினியில் திருத்தும்போதும் இதே வரம்புதான்.

நாற்றங்காலின் இளம்பச்சையைப் போன்கள் எரியும் பச்சையாக்கிவிடும். படம் திருத்தும் செயலியில் பச்சையின் செறிவை 10 முதல் 15 வரை குறைத்து, நிறத்தைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தினால் கண்ணில் பார்த்த நாற்று திரும்பி வரும்.

பெய்யும் மழை படத்தில் விழாமல் போவதற்குக் காரணம் பின்னணி. வெள்ளை வானத்துக்கு எதிரே எந்தத் துளியும் தெரியாது. தோப்பு, ஓட்டு வீட்டின் இருண்ட திண்ணை, எருமை என்று கருமையான ஒன்று பின்னால் வேண்டும். வெளிச்சம் பக்கத்திலிருந்தோ எதிரிலிருந்தோ வர வேண்டும். கோடு கோடாக வேண்டுமென்றால் 1/30 முதல் 1/60, துளித்துளியாக வேண்டுமென்றால் 1/500க்கு மேல். மழையில் கேமராவைக் காக்கத் தடித்த பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூட்டின்மேல் ரப்பர் பேண்டால் இறுக்கினால் ஆயிற்று. ஹூட் இல்லாமல் மழையில் இறங்காதீர்கள். துடைக்கும் துணி குறைந்தது மூன்று எடுத்துப் போங்கள். முதல் துணி பத்து நிமிடத்தில் நனைந்து, துடைப்பதற்குப் பதில் பூசத் தொடங்கும்.

மழை விட்ட அரைமணி நேரத்தில் போலரைசருக்கு வேலை வருகிறது. நனைந்த இலை வானத்தின் வெள்ளையைப் பிரதிபலித்து வெளிறித் தெரியும். ஃபில்டரைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு நீங்கி உள்ளிருக்கும் பச்சை வெளிவரும். மூட்டத்திலும் இது வேலை செய்யும், பலர் வெயிலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதை மறக்க வேண்டாம். வயலில் நிற்கும் தண்ணீரை எடுக்கும்போது அதே ஃபில்டர் பிரதிபலிப்பையும் அழித்துவிடும், கழற்றிவிடுங்கள். பகலில் நீலவானத்தை அடர்த்தியாக்க இதைப் பயன்படுத்தினால் சூரியனுக்குச் செங்கோணத்தில் பாருங்கள்; ஆனால் 18 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து அசிங்கமாகும்.

ஏசி அறையில் படுத்த கேமராவை அப்படியே விடிகாலை ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். முந்தைய இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுவது எளிய வழி. மறந்துவிட்டால் பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறக்கலாம்.

இந்த ஈரத்தில்தான் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் கண்ணாடிக்குள் தெரிந்தால் அது பூஞ்சை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி வைத்து, ஈரப்பதத்தை 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நீலச் சிலிக்கா இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்து நிரம்பிவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். கேமராவோடு வந்த தோல் உறையிலோ துணிப்பையிலோ மாதக்கணக்கில் போட்டு வைப்பது பூஞ்சைக்குப் பந்தி வைப்பது.

மார்கழி, தை: பனியும் அறுவடையும்

மழையில் ஊறிய மண், தெளிந்த வானம், காற்றில்லாத இரவு மூன்றும் சேர்ந்தால் மறுநாள் காலை பெரும்பாலும் மூடுபனி இருக்கும். முந்தைய மாலை வானத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எட்டு மணி வாக்கில் கலைந்துவிடும். கேமரா பனியைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிச் சாம்பலாக்கும். மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் அருகில் உள்ள பனைமரத்தின் விளிம்பில் நிறுத்தி, கையால் பூட்டிவிடலாம். அகல லென்ஸில் பனி வெறும் வெள்ளையாகத் தெரியும். 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸில்தான் முன்மரம், நடுமரம், பின்மரம் என்று படிப்படியாக வெளிறும் அடுக்கு கிடைக்கும். பிறகு கணினியில் பனிநீக்கும் பட்டியை இழுத்து, பாடுபட்டு எடுத்த பனியைத் துடைத்துவிடுகிற வேடிக்கையும் நடக்கிறது.

பனித்துளி படத்துக்கு வெயில் எதிர்ப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். வரப்பில் முழந்தாளிட்டு, இருண்ட பின்னணி கிடைக்கும் கோணம் தேடுங்கள். சிலந்தி வலையை எடுக்கும்போது கேமராவின் பின்பக்கம் வலைக்கு இணையாக இருந்தால் எஃப் 8இலேயே முழு வலையும் தெளியும். கொஞ்சம் சாய்ந்தாலும் எஃப் 16 போட்டும் பாதிதான். மேக்ரோ லென்ஸில் 1:1 அளவில் (பொருளும் சென்சாரில் விழும் உருவமும் ஒரே அளவு) எஃப் 11 வைத்தாலும் தெளிவு ஓரிரு மில்லிமீட்டர்தான் தேறும், எனவே எது தெளிய வேண்டும் என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் சாணப் பிள்ளையார்மேல் பூசணிப்பூ வைத்த கோலத்தை உதயத்துக்கு இருபது நிமிடம் முன் எடுங்கள். ஒரே சீரான நீல வெளிச்சத்தில் மாவின் வெள்ளை அப்படியே நிற்கும். வெயில் ஏறிய பிறகு வாசற்படி நிழல் குறுக்கே விழும். பூசணிப்பூவும் பத்து மணிக்குள் சுருங்கிவிடும்.

தைப்பூசத்தையொட்டி நிலவோடு வயலை எடுக்க நினைப்பவர் பௌர்ணமியன்று போவார். அன்று சந்திரன் எழும்போது நிலம் இருட்டத் தொடங்கியிருக்கும்; வயல் தெரியும்படி எடுத்தால் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். முந்தைய நாள் போங்கள். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே சந்திரன் எழுந்துவிடும். சூரியன் மறையும் தறுவாயில் நிலமும் நிலவும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/125 என்று தொடங்கிப் பாருங்கள்.

கதிர் முற்றித் தலை சாய்ந்த சம்பா வயலுக்குக் காலை முதல் மணி நேரப் பக்கவெயில் பொருந்தும். உச்சி வெயிலில் அதே வயல் பாய் விரித்ததுபோல் தட்டையாகிவிடும். இப்போது அறுப்பது பெரும்பாலும் மிஷின்தான். பழைய அரிவாள் காட்சியைத் தேடி அலைவதைவிட மிஷின் விட்டுப்போகும் வைக்கோல் வரிகளைப் பாருங்கள்; மேட்டிலிருந்து, தாழ்ந்த வெயிலில், வரிகளுக்குக் குறுக்கே ஒளி விழும்போது எடுத்தால் வயலின் வளைவு முழுவதும் தெரியும். மிஷின் தூசு லென்ஸ் மாற்றும் நேரத்தில் சென்சாரில் படியும், ஒரே லென்ஸோடு போவது உத்தமம்.

வயலுக்குள் இறங்குமுன் கேட்டுவிடுங்கள். புதிதாக அண்டை வைத்த வரப்பு கால் பட்டால் சரியும், சரிந்தால் மேல்வயல் தண்ணீர் போய்விடும். அதற்காகத் திட்டினால் நியாயம்தான். நடவிலோ களையெடுப்பிலோ இருக்கும் பெண்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மலையடிவாரங்களில் காட்டுப்பன்றிக்காக மின்கம்பி கட்டியிருப்பார்கள், இருட்டில் வேலியைத் தொடவே வேண்டாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் டார்ச்சும் விடிகாலைக்குக் கட்டாயம்.

பறவைகளுக்கு வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கூந்தன்குளத்தில் ஜனவரிக்குப் பிறகு. 400 மி.மீ. லென்ஸ், பறக்கும் பறவைக்கு 1/1600 நொடி. கூட்டை நெருங்காதீர்கள். தாய் எழுந்து போனால் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

மலைக்குப் போகிறவர்கள் ஊட்டியின் உறைபனியை டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகளில் பார்க்கலாம். வெயில் தொட்டதும் உருகிவிடும், நிழல் எல்லை நகரும் வேகத்துக்கு நீங்களும் நகர வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைப் பையில் வையுங்கள். குறிஞ்சி வேண்டுபவர்கள் பொறுக்க வேண்டும்: 2018இல் பெருமளவில் பூத்தது, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030.

மாசி, பங்குனி: நம் இலையுதிர்காலம்

சிவந்த இலை நமக்கும் உண்டு. பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தைப் பாருங்கள். உதிரும் முன் இலை முழுச் சிவப்பாகும். வெயிலுக்கு எதிரே நின்று, இலையின் வழியாக ஒளி ஊடுருவும்படி எடுத்தால் நரம்பெல்லாம் தெரியும். அரசமரம் மொட்டையாகிச் சில நாளில் செம்பு நிறத் துளிர் விடும். புங்கை இலை கொட்டிய வேகத்தில் பளபளக்கும் இளம்பச்சை தள்ளும். முள்ளிலவும் புரசும் இலையில்லாமல் பூத்து நிற்பதால் கிளையமைப்பே படமாகும், பின்னணிக்கு மேகமற்ற வானம் போதும். இந்த மாற்றங்கள் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுபவை. மரத்தைத் தினமும் கடக்கும் வழியில் தேர்ந்தெடுத்தால்தான் பிடிக்கலாம்.

டெல்டாவில் அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்து, தாள்களுக்கு நடுவே பச்சைப் பாயாக எழும். காய்ந்த மஞ்சளும் புதுப்பச்சையும் சேர்ந்த இந்த வண்ணம் வேறெந்த மாதத்திலும் கிடையாது.

சித்திரை, வைகாசி: வெயிலைச் சமாளித்தல்

சரக்கொன்றை, குல்மொஹர் இரண்டும் இப்போது. கொன்றையின் மஞ்சள் செங்காந்தளின் சிவப்பைப் போலவே முட்டிக்கொள்ளும், அதே திருத்தம்தான். வெள்ளை வானத்துக்கு எதிரே தொங்கும் சரம் மங்கிவிடும். பின்னால் நிழலில் இருக்கும் அடர்ந்த மரம் வரும்படி நகர்ந்து நில்லுங்கள். உதிர்ந்த பூவிரிப்பு வேண்டுமென்றால் பெருக்குமுன், அதாவது ஏழு மணிக்குள்.

தோப்புக்குள் பகலில் விழும் புள்ளிவெயில்தான் ஆண்டின் மிக மோசமான வெளிச்சம். வெயில் பட்ட இடம் வெளுத்து, நிழல் கறுத்து, எந்தத் திருத்தத்துக்கும் அடங்காது. மேகம் வரட்டும், அல்லது வேறு வேலை பார்க்கலாம். சிறு செடி என்றால் ஒற்றை வெள்ளை வேட்டியை இருவர் பிடித்து மேலே விரித்தால் முடிந்தது. செடிக்கு அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் நிழல் விளிம்பே தெரியாது. வண்ணத்துணி வேண்டாம், பூவின்மேல் அதன் நிறம் ஏறும்.

மாடித்தோட்டத்தில் பின்னணிதான் பெரும் தொல்லை: தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, பக்கத்து வீட்டுச் சுவர். தொட்டியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் இழுத்து, 55 மி.மீ. முனையில், லென்ஸ் திறக்கும் அளவுக்கு முழுதாகத் திறந்து எடுத்தால் சுவர் கரைந்துவிடும். வெள்ளை நந்தியாவட்டை சட்டத்தை நிரப்பினால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். அதே பூ கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிதாக இருந்தால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். கேமரா முதலாவதைச் சாம்பலாக்கும், இரண்டாவதில் இலையை வெளுக்கப் போய்ப் பூவை எரித்துவிடும். போனில் பூவை நீளமாக அழுத்திப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை இழுத்தால் இதையே செய்யலாம்.

பூக்களின் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். தாமரை காலையில் விரிந்து உச்சிக்குள் கூம்பத் தொடங்கும். இரவில் விரியும் அல்லியை ஒன்பதுக்குள் பார்க்க வேண்டும். அந்திமந்தாரை மாலை நாலு மணிக்கு மேல். மல்லிகைத் தோட்டத்துக்கு விடியுமுன் போனால் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பவர்கள் இருப்பார்கள். எட்டு மணிக்குப் போனால் செடிதான் இருக்கும், பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கும்.